சூழல்: அமைதி

வாளையாறு தாண்டுவதற்கு முன்பே
என் கைப்பேசி கேரளத்துக்குள் போய்விடும்.
பேருந்து இன்னும் எட்டிமடையில் நிற்கும்;
'ஸ்வாகதம்' என்று குறுஞ்செய்தி வந்து விழும்.
கோபுரம் யாருக்காகவோ வீசியதில்
கொஞ்சம் சிந்தி இந்தப் பக்கம் வருகிறது.
என் வேலையும் அதுதான்:
சிந்தியதைப் பொறுக்குவது.

வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம்
பூமியைப் பார்த்தே பேசுகின்றன,
லாரிக்கு, படகுக்கு,
பிரியாணி கொண்டுபோகும் பையனுக்கு.
சந்திரனுக்கென்று ஒரு சொல்லும் இல்லை.
ஆனாலும் உருண்டையின் மறுபக்கம் நிற்கும் ஒன்று
இந்தப் பக்கம் நோக்கிக் கூவும்போது
குரலின் விளிம்பு மட்டும்
பூமியின் தோளை உரசித் தப்பிப் போகிறது.
நாலு லட்சம் கிலோமீட்டர் போனபின்
அது குரலே இல்லை,
இரைச்சலின் அடியில் படிந்த வண்டல்.
அதைக் கேட்டுத்தான் கலம்
தான் எங்கே என்று அறிய வேண்டும்.

"அங்கிருந்து பார்த்தால் நாலு கோளும் ஒரே மூலையில்"
என்பாள் பிரசீதா.
"நாலு சாட்சியும்
ஒரே பெட்டிக்கடை வாசலில் நின்று பார்த்தவர்கள்.
விபத்து எங்கே நடந்தது என்று
எந்த ஜட்ஜ் சொல்வார்?"
வேறு சாட்சி இல்லையே, பிரசீதா.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில்
செம்புத் தகடு போர்த்திய அறைக்குள்
பொய்யாக ஒரு வானம் செய்து,
மேசைமேல் கிடக்கும் பச்சைப் பலகையிடம்
'நீ நிலவுக்கு மேலே நூறு கிலோமீட்டரில் இருக்கிறாய்' என்று
பதினொரு இரவு சொன்னோம்.
அது நம்பவில்லை.

முதலில் ஆடிக் காற்றைச் சந்தேகப்பட்டோம்;
கணவாய்க்குள் புகுந்தால் கூரைத் தகரம் பேசும்.
பிறகு ஏசியை.
பிறகு, வெட்கமில்லாமல், ஒருவரை ஒருவர்.
பன்னிரண்டாம் இரவுதான் பார்த்தேன்:
பிடி நழுவிய நேரமெல்லாம்
ரயில்வே கால அட்டவணையில் இருந்தது.
வண்டி போகும்போது தரை நடுங்கும்,
பலகையின் ஸ்படிகம் அரைக்கண் சிமிட்டும்.
அத்தனை மெலிந்ததைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு
அது போதும், தொலைந்துபோக.

இரண்டு பத்து சரக்கு வண்டி வரவில்லை.
அதன் பின்னால் வரும் எக்ஸ்பிரஸும்.
காவலாளி வேலாயுதன் கதவருகே வந்து
"பி லைனில் ஆன. குட்டியும் உண்டு" என்றார்.
(எங்கள் ஆனையிலிருந்து ஓர் ஐகாரம்
காட்டுக்குள் போய்விட்டால் அது அவர்கள் ஆன.)

தரை அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.
நாற்காலியை நகர்த்தவில்லை.
தும்மல் வந்தது பிரசீதாவுக்கு; விழுங்கினாள்.
முதல் கோள்.
வெகுநேரம் கழித்து இரண்டாவது.
மூன்றாவது வந்து, போய், வந்தது.
அங்கே தாய் தண்டவாளத்தை முகர்ந்துகொண்டிருந்திருக்கும்,
குட்டி ஜல்லியில் கால் வைத்துப் பார்த்திருக்கும்.
மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று
நான் யாரை வேண்டினேன் என்று தெரியவில்லை.

நான்காவது.

எண்கள் நின்றன.
நிலவு. உயரம் நூறு, சொச்சம். பிழை எண்ணூறு மீட்டர்.
கஞ்சிக்கோட்டில் மேசைமேல் கிடந்தபடி
பலகை தான் அங்கே இருப்பதாகச் சத்தியம் செய்தது.
பொய்யைத்தான் நம்பியது. சரியாக நம்பியது.
பத்தொன்பது நிமிடம்.
பிறகு வண்டி வந்துவிட்டது.

படிவத்தில் 'சூழல்' கட்டத்துக்குள்
அமைதி என்று எழுதினேன்.
பக்கத்தில் 'காரணம்'.
பேனாவை வாங்கி பிரசீதா
மலையாளத்தில் எழுதினாள், இரண்டே எழுத்து.
தட்டச்சு செய்தவர் கேள்வி கேட்காமல்
அதை ஆங்கில எழுத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்.
பெங்களூரிலிருந்து பதில் வந்திருக்கிறது:
இது எந்தச் சாதனத்தின் சுருக்கப் பெயர்,
விலை என்ன,
அடுத்த சோதனைக்கும் வரவழைக்க முடியுமா.