நீர்நாய் ஏன் சாகிறது

காக்கி புக்கிட், ஆறாம் மாடி.
கீழே டயர்க் கடை, மேலே உறைந்த மீன் கிடங்கு.
நடுவில் நான், ஹிதாயா,
திரைக்குள் ஒரு நீர்நாய்.

நீர்நாய் கால்வாய்களைத் தாண்ட வேண்டும்.
அவ்வளவுதான் விளையாட்டு.
ஏழு மாதம்.

ஹிதாயா வரைந்த மீசை
ஓடும்போது ஒரு ஃபிரேம் பின்தங்கி ஆடும்,
அதற்காகவே யாரும் காசு கொடுப்பார்கள்.
நான் எழுதியது தொடக்கப் பாடம்:
ஒன்பது பெட்டி நிறைய வாக்கியங்கள்.
தாண்ட அழுத்து. நீளத் தாண்ட அழுத்திப் பிடி.
பார்த்த காணொளிகள் அத்தனையும்
எழுதாதே, காட்டு என்றுதான் சொல்லியிருந்தன.
அதையும் நோட்டில் எழுதி
அடிக்கோடு போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சரக்கு லிஃப்ட் நின்றது.
பழுது பார்க்க வந்தவன் சகாயநாதன்.
ஒரு பாகம் துவாஸிலிருந்து வந்து சேரும்வரை
உட்கார இடம் கேட்டான்.
கோப்பியோடு கண்ட்ரோலரையும் கொடுத்தோம்.

சோதனைக்கு ஒரே விதி, வாயைத் திறக்காதே.
விளையாட்டை வாங்குகிறவன் வீட்டுக்கு
நீயும் கூடப் போய்
பக்கத்தில் உட்காரப்போவதில்லை.

ஒன்பது பெட்டிகளையும்
கொசு அடிப்பதுபோல் தட்டித் தள்ளினான்.
முதல் கால்வாயில் விழுந்தான்.
மறுபடி விழுந்தான்.
அழுத்திப் பிடி, அழுத்திப் பிடி என்று
என் நாக்கு பல்லுக்குள் துடித்தது.
கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
ஹிதாயா உதடு மட்டும் அசைய
எண்ணிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது சாவில்
கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான்:
"ஏங்க,
நீர்நாய் தண்ணியில விழுந்தா
ஏன் சாவுது?"

மேல்மாடிக் குளிர்பெட்டி உறுமுவது
அன்றைக்குத்தான் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

மாதிரிக்கென்று ஹிதாயா
பீஷான் பூங்காவில் நானூறு படம் எடுத்திருந்தாள்.
நானூறில் பாதிக்கு மேல்
அது தண்ணீரில்தான் இருந்தது.
மல்லாந்து, மீனைத் தின்றுகொண்டு.

பள்ளம் என்றால் சாவு.
சின்ன வயதில் ஆடிய ஆட்டங்களில்
யாரோ எதற்கோ போட்ட கணக்கு.
கேள்வி கேட்காமல் நகலெடுத்து
அதன்மேல் மீசை வரைந்திருக்கிறோம்.

அன்று இரவே சாவை அழித்தேன்.
இப்போது விழுந்தால் நீந்தலாம்.
நீரோட்டம் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் விடும்,
வழியில் ஒரு மீன் கிடைத்தாலும் கிடைக்கும்.
ஒன்பது பெட்டிகளும் போயின.
முதல் கால்வாயின் அக்கரையில்
ஒரு நண்டை மட்டும் வைத்தோம்.
நண்டைக் கண்டால் தாண்டத் தோன்றாதா?

கருவிப்பையை மூடும்போது
அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான்:
"கரை முடிஞ்சப்புறந்தான் அழுத்துறேன், தப்புதான்.
ஆனா லிஃப்ட்டுக் கதவே
கை நீட்டுனா திறக்குதுல்ல."

அது எனக்குத் தெரியும். அதுதான் வெட்கம்.
விளிம்பைத் தாண்டிய காலுக்கும்
ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தரை கொடு என்பது
இந்தத் தொழிலின் பழைய பாடம்.
அந்த எண்ணுக்கு என் கோப்பில் ஓர் இடமே உண்டு.
மதிப்பு: பூஜ்யம்.
பக்கத்தில் என் குறிப்பு: பிறகு பார்க்கலாம்.

மறுநாள் உபி சாலைச் சந்திப்பில்
ஊன்றுகோலோடு ஒருவர்
கம்பத்தில் அட்டையைத் தட்டினார்.
பச்சை மனிதன் அவருக்காக
இன்னும் சில நொடி நின்றான்.
பாதிச் சாலையில் அவசரப்படவில்லை அவர்.
பின்னால் வந்த நானும்தான்.
யாரோ ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில்
அந்த எண்ணைத் தட்டியிருக்க வேண்டும்.
எத்தனை பேரை நடக்கவிட்டுப் பார்த்திருப்பார்,
வாயைத் திறக்காமல்?

எங்கள் எண் இப்போது ஆறு ஃபிரேம்.
ஹிதாயா எட்டு என்கிறாள்.
எட்டு கொடுத்தால்
நீர்நாய் காற்றில் நடப்பது தெரியும் என்கிறேன்.
தெரியட்டுமே என்கிறாள்.

வெள்ளிக்கிழமை சரக்கு லிஃப்ட் மறுபடி நின்றது.
இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.
கண்ட்ரோலருக்குச் சார்ஜ் ஏற்றி வைத்தோம்.