காதும் காதும் வைக்காமல்

ட்ரோண்ட்ஹெய்மில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
ஐவினின் பெற்றோர் வீட்டு அழைப்பு மணிக்கு ஒலி கிடையாது,
அழுத்தினால் கூடத்து விளக்கு கண்சிமிட்டும்.
தெரியாமல் நான்கு தடவை அழுத்தினேன்.
தீப்பிடித்ததோ என்று ஓடிவந்தார் ஹால்வார்.

வருங்கால மாமியாரின் முதல் வாக்கியம்:
"படத்தில் பார்த்ததைவிடக் குண்டு."
கைகளால் சொன்னார், முகம் முழுக்கச் சிரிப்போடு.
என் அம்மாவாக இருந்தால் இதே சேதியை
விருந்தாளி கிளம்பிய பிறகு, சமையலறையில்,
காதும் காதும் வைத்தாற்போல் அக்காவிடம் சொல்லியிருப்பாள்.
இங்கே ரகசியம் பேச
முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
திருப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாய் நிறைய மீனோடு பேசலாம்,
யாரும் முகம் சுளிப்பதில்லை.
ஆனால் நல்ல கதை என்றால்
முள்கரண்டியைக் கீழே வைத்தாக வேண்டும்.
ஹால்வாரிடம் கதைகள் அதிகம்.
கல்யாணமான நாள் முதல் ஆறிய மீன்தான் சாப்பிடுகிறாராம்.

உப்புக்காக ஒரு சண்டை வந்தது.
எங்கள் வீட்டிலும் உப்புக்குத்தான் வரும்.
அப்பா கதவை அறைந்துவிட்டு வெளியே போவார்.
தோர்பியோர்க் கண்களை மூடிக்கொண்டார்,
அவ்வளவுதான்.
அதைவிடப் பலமான கதவை நான் பார்த்ததில்லை.
ஹால்வார் தரையைத் தட்டினார், மேசையைத் தட்டினார்,
பிறகு உப்பை மனைவியின் தட்டருகே நகர்த்திவைத்துக் காத்திருந்தார்.

என் பெயரை எழுத்தெழுத்தாக விரலில் கோத்தேன்.
ராங்ஹில்ட். பாதியிலேயே அலுத்துவிட்டது அவர்களுக்கு.
மீன் வாங்குகிறவர்போல என் முகத்தைப் புரட்டிப் பார்த்து
இடது புருவத்தின் பிளவைத் தொட்டார் தோர்பியோர்க்:
இனி இதுதான் நீ.
நான் தினமும் மையெழுதி மறைக்கும் இடம்.

காபி வரும்போது மின்சாரம் போனது.
"மெழுகுவர்த்தி எங்கே?" என்றேன், சத்தமாக.
என் மொழி மட்டும் இருட்டில் நடமாடியது
வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.
அப்போதுதான் உறைத்தது.
சென்ற கிறிஸ்துமஸில், எங்கள் வீட்டு மேசையில்,
பதினான்கு பேர் நடுவே, எல்லா விளக்கும் எரிய,
ஐவின் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது
இந்த இருட்டில்தான்.

நாற்காலி நகரும் அதிர்வு.
மீன்வாசம் அடிக்கும் ஒரு விரல்
என் நெற்றியில் தடவித் தேடி
அந்தப் பிளவின்மேல் ஒரு கோடு இழுத்தது.
பிறகு உள்ளங்கையைப் பிடித்து ஏதோ சொன்னது.
காபியா? காத்திரு என்றா?
இரண்டுக்கும் தலையாட்டினேன்.
தலை அவர் தோளில் இடித்தது.

விளக்கு வந்தபோது
உப்புக்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

பதினோரு மணிக்குக் கிளம்பினோம்,
அதாவது, எழுந்தோம்.
வாசலில் ஒரு மணி நேரம், படியில் அரை மணி,
ஏற்றிய கார் கண்ணாடியின் இரு பக்கமும் நின்று
இன்னும் கொஞ்சம்.
என் வீட்டில் இதற்குள்
கதவைச் சாத்தி டிவி போட்டிருப்பார்கள்.

ஐவின் வண்டியை எடுத்தான்.
பின்விளக்கின் சிவப்பில்
அந்தக் கைகள் இன்னும் நிறுத்தவில்லை.
நான் இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பி
தெரு வளையும்வரை பதில் சொன்னேன்,
தப்புத் தப்பாக.