ஆறாவது குழி

நிலாவெளியில் இருபத்திரண்டு பேர்ச் காணி.
கெஸ்ட் ஹவுஸ் இன்னும் கடுதாசியில்தான்,
கடனுக்கு மட்டும் மூன்று தவணை கட்டியாச்சு.

முளை அடித்து, மஞ்சள் நூல் இழுத்து
மீற்றர் மீற்றராய்க் குழி.
ஹேமசிறி ஐயா பிரஷால் மண்ணைத் தடவுகிறார்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல.

முதலில் சிப்பி.
இரண்டு, மூன்று வெறும் மணல்.
நாலில் ஷெல் துண்டொன்று.
"இது புதுசு" என்று
வேலியோரம் வைத்தார். பதியவில்லை.
ஐந்தில் தண்ணி ஊறிவிட்டது.

"அம்மா, முந்தி ஏதும் கண்டீங்களா?"
இல்லை என்றேன்.

போன மாசியில் கக்கூஸுக்குக் குழி வெட்டின தெய்வேந்திரம்
கழுவித் தந்த
கறுப்பும் சிவப்புமான சட்டியடியில்
கோழி தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

ஐயா நூலை அவிழ்த்தார்.
கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தார்.