நாற்பது மடங்கு

போன மாதம் நான் கொடுத்த படத்தைப் பார்த்து
கமநல அலுவலர் கேட்டார்:
"இது ஆனையா, புற்றா?"

கைபேசியில் எடுத்தது.
வட்டைக்கு அந்தப் பக்கம் அது நின்றது,
இந்தப் பக்கம் வரம்பில் நான்,
நடுவே ஆறு ஏக்கர் பயம்.
படத்தில் சாம்பலாய் ஒரு சொட்டு.
நட்டஈட்டுப் படிவத்தின் ஓரத்தில்
"தெளிவில்லை" என்று எழுதினார்,
மிகத் தெளிவான கையெழுத்தில்.

மண்டூரில் பாதையேறி
குருமண்வெளியில் இறங்கி
கல்முனைக்கு பஸ் பிடித்தேன்.
நெல் விற்ற காசில் உரக்கடைக்காரன் எடுத்தது போக
நாற்பத்திரண்டாயிரம்,
சீலைத்துண்டில் சுற்றிக் கைப்பைக்குள்.

கடைப் பொடியனுக்கு றுஷ்தி என்று பெயர்.
"கலியாண வீடா அக்கா?"
"ஆனை."
சிரித்தான்.
பிறகு சிரிக்காமல் கேட்டான்:
"எத்தின மணிக்கு வரும்?"
அதுவரை எந்தக் கந்தோரிலும்
யாரும் கேட்காத கேள்வி.
"பொழுதுபட்டு, மம்மல் நேரம்."

புதுசாய் மினுங்கிய ஒன்றை ஓரமாய்த் தள்ளினான்.
மெகாபிக்சல் கூடத்தானாம், இருட்டுக்கு ஆகாதாம்.
இன்னொன்றின் பெட்டியில் நூறு மடங்கு என்றிருந்தது.
"அதில பாதி பொய்.
கண்ணாடி கிட்ட இழுக்கிறது வேற,
கணக்குப் போட்டுப் பெருப்பிக்கிறது வேற.
ஆணத்துக்குத் தண்ணி ஊத்துற மாதிரி அக்கா,
சட்டி நிறையும், ருசி வராது."

கடைசியாய் அடித்தட்டிலிருந்து எடுத்தான்,
அறுகம்பையில் அலையேற வந்த வெள்ளைக்காரன்
விற்றுப்போன பழசு.
மூலையில் கீறல்.
வளையத்தைத் திருகினால் மணல் நறநறக்கும்.
வாசலுக்குக் கூட்டிப்போய்க் கையில் தந்தான்.
தெருவுக்கு அங்கால், பள்ளி மினாராவுக்கு மேலே
ஒரு காகம்.
திருகினேன்.
காகத்தின் அலகில் ஒரு சோற்றுப் பருக்கை.

நாற்பத்தைந்து சொன்னான்.
மணலைச் சொல்லி நாற்பத்தொன்றுக்கு இறக்கினேன்.
"தூணோட அணைச்சுப் பிடியுங்க,
மூச்சை விட்டிட்டு அமத்துங்க."
மிச்சம் பஸ்ஸுக்கும் ஒரு தேத்தண்ணிக்கும்.

மூன்றாம் நாள் வந்தது.
பரண் காலோடு கமராவை அணைத்து
மூச்சை விட்டேன்.

முதலில் கிழிந்த காது, போன வருசத்து அதே கிழிசல்.
பிறகு வாயோரம் என் கதிர்கள், பால் பிடித்தவை,
அடையாளம் தெரிந்தது.
பிறகு கண்.
ஆனைக்கு இமைமயிர் உண்டென்று
ஐம்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

பிறகு இடது முன்னங்கால்.
முழங்காலுக்கு மேலே ஐந்து ஓட்டை,
கையால் வாரி எறிந்த மாதிரிச் சிதறி.
சீழ் வழிந்து காய்ந்திருந்தது.
ஈக்களை எண்ணலாம்,
அவ்வளவு நல்ல கமரா.

எங்கள் வட்டையில் இடியன் துவக்கு ஒன்றுதான்.
தங்கச்சி வீட்டு வளையில்
விதைநெல் சாக்குக்குப் பின்னால் தொங்கும்.
மாரி முழுக்க என் காவலுக்கு
முறை மாறாமல் வந்து நனைந்தவன்
வில்வராசா.

"ஒரு படம் போதும்" என்றிருந்தார் அலுவலர்.
முப்பத்தாறு எடுத்திருந்தேன்.
வலப்பக்கம் எடுத்ததெல்லாம் கை நடுங்கியது.
பின்பக்கம் ஒன்று நல்லாய் வந்திருந்தது,
அதில் வேளாமை இல்லை.
காதும் கதிரும் சேர்ந்து
துலக்கமாய் இருப்பது ஒன்றே ஒன்று.
காலை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன்.
வெட்டினால் என் வயலும் போகிறது.

விடிய அவனே வந்தான், சோற்றுப் பார்சலோடு.
"வாங்கிட்டீங்களா மச்சாள்" என்று
கமராவைக் கையில் எடுத்தான்.
வளையத்தைத் திருக, மணல் நறநறத்தது.
மதகில் செட்டை காயவைத்த நீர்க்காகத்தை
கிட்ட இழுத்துப் பார்த்தான், வெகுநேரம்.
"எவ்வளவு தூரம் பிடிக்கும்?"
"நாப்பது மடங்கு."
"நமக்கு இவ்வளவு தேவையா" என்றான்
கண்ணை எடுக்காமல்.

அவனுடைய பெருவிரலுக்குக் கீழே இருந்தது
எடுத்த படங்களைக் காட்டும் பொத்தான்.