மூன்றரை மூட்டைச் சம்பா

மெல்பேர்னுக்குப் போனவன் விற்றுவிட்டுப் போன பெட்டிகளில்
எல்லாம் இருந்தன.
ஹோர்லிக்ஸ் போத்தல்களில் இனம் பிரித்த நட்டுகள்,
நாலு சில்லு, இரண்டு இருக்கை,
மழைக்குக் கூரைகூட இல்லாத ஒரு குழாய்க்கூடு.
கையேட்டின் பதினோராம் பக்கத்தில்
எஞ்சின் வரவேண்டிய இடம் மட்டும் வெறுங்கட்டம்.
அதற்குள் பென்சிலால் கேள்விக்குறி ஒன்று போட்டிருந்தான்.
அதையும் சேர்த்துத்தான் விலை பேசினேன்.

பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை.
அறுத்தெடுத்த எஞ்சின்கள்
வயர் தொங்கக் குவிந்து கிடக்கும் கடைகளில்
எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: எத்தனை கிலோ?
எத்தனை குதிரை என்றால் உடனே சொல்வார்கள்.
எத்தனை லட்சம் என்றால் அதைவிடக் கெதியாய்.
கிலோ என்றதும்
"பழைய இரும்புக்கா தங்கச்சி?" என்றார் ஒருவர்.
டொல்பின் வானின் டீசலைத் தட்டிக் காட்டி
"இது சாகாது" என்றார் இன்னொருவர்.
சாகாதுதான்.
என் காரைக் கொன்றுவிட்டும் அது இருக்கும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின.
இஃப்லால் நானாவிடம் டொயோட்டா ஆயிரத்து அறுநூறு,
சிலிண்டருக்கு ஐந்து வால்வு, வெள்ளி மூடி.
அதைக் கண்டதும் ஜனித்தின் முகத்தில் பெருநாள்.
பக்கத்துக் கடையில்
விழுந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஆயிரத்து முந்நூறு.
கியர்பெட்டி வயிற்றுக்குள்ளேயே இருந்தது.
ஒரு விலாவில் தார் உராய்ந்த தழும்பு.

நான் மருந்துக்கடைக்காரி.
ஐந்து மில்லிகிராம் கூடினால்
யாரோ ஒருவர் படியில் தலைசுற்றி விழுவார் என்று அறிந்தவள்.
கடையிலிருந்து நாலு குளியலறைத் தராசு இரவல் எடுத்து,
தெமட்டகொடையில் ஜனித்தின் கராஜில்
சில்லுக்கு ஒன்றாய் வைத்தோம்.
எஞ்சினுக்குப் பதில் அரிசி.

டொயோட்டாவுக்கு ஆறு மூட்டை.
ஒவ்வொன்றாய் அவன் இறக்க இறக்க
மூக்குக் குனிந்தது, கைமாற்றுக் கேட்க வந்தவன்போல.
நான் ஏறி உட்கார்ந்தேன்.
முன்னிரண்டு தராசும் எண்ணைக் கைவிட்டு
'எர்' என்றன.
"அது உன் பாரம்" என்றான் ஜனித், சிங்களத்தில்.
உண்மைதான், அதில் மூன்று கிலோ
சித்திரை வருஷத்துப் பலகாரம்.

பிறகு மூன்றரை மூட்டை.
நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு,
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று.
நாலு மூலையும் சண்டை ஓய்ந்த வீடுபோல.
அரை மூட்டையிலிருந்து சிந்திய அரிசியை
குந்தியிருந்து பொறுக்கியபடி ஜனித் சொன்னான்:
"ஆனால் இதற்கு ரிவர்ஸ் இல்லை."

மறந்துபோனேன்.
மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போகத் தெரியாது.
என் வெள்ளவத்தை ஒழுங்கையோ மதிலில் முட்டி முடிவது.
தொடர்மாடிக்குத் தண்ணீர் பவுசர் வந்தால்
ஐந்து வீட்டுக்காரும் பின்னால் எடுத்தே ஆகவேண்டும்.
"டொயோட்டா என்றால் ஏசிகூடப் போடலாம்" என்றான்,
கூரையில்லாத காருக்கு.

அன்றிரவு நித்திரை இல்லை.
குதிரைகளை எண்ணிப் பார்த்தேன், வரவில்லை.
காலி வீதியில் எந்தக் குதிரையும்
நூற்றைம்பத்தைந்தாம் இலக்கப் பஸ்ஸுக்குப் பின்னால்தான் நிற்கும்.
எனக்கு வேண்டியது வேகமில்லை.
ஸ்டியரிங்கை ஒரு விரலளவு திருப்பினால்
அது மறுபேச்சுப் பேசக்கூடாது.

நானாவிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக
ஒரு பிளேன்டீ குடித்தேன்.
பக்கத்துக் கடைப் பையன்
எஞ்சினைப் பலகையில் கட்டி,
ஆணியில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் விட்டு
முறுக்கிக் காட்டினான்.
காகங்கள் எல்லாம் மருதானைப் பக்கம் எழும்பிப் பறந்தன.
"பின்னுக்கு எப்படி எடுப்பீங்க மிஸ்?"

எடுக்கமாட்டேன்.
ஒழுங்கை வாசலில் நிறுத்தி, இறங்கி,
முன்கம்பியில் கைவைத்து
பின்பக்கமாய் உள்ளே தள்ளுவேன்,
மூக்கு றோட்டைப் பார்த்திருக்க.
பவுசர் வந்தால் வரட்டும்,
ஜனித்தும் நானும் வாலைத் தூக்கி ஓரம் வைப்போம்.
தூக்கக்கூடியதாய் இருக்கத்தானே இத்தனை நிறுவை.

ஐந்தரை மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார்.
பிரித்த அரை மூட்டையில் கிறீஸ் மணம்.
இந்தக் கிழமை
அதைத்தான் சமைக்கிறேன்.