திருப்புக

முன்பக்கம் ஒற்றைத் துடுப்புக்காரன்.
இடது கால் வளைவு,
பல்லிடுக்கில் பீடி மாதிரி ஏதோ ஒன்று.
பலம் ஒன்று. காப்பு ஒன்று.
கீழே பொடி எழுத்தில் நிபந்தனை:
உன் படகுகள் ஏழும் கவிழ்ந்த பின்
இந்த அட்டையைத் திருப்புக.

பின்பக்கம் கடல்விழுங்கி.
கண்ணுக்கு மட்டும் தங்கத்தாள்,
சாய்த்தால் இமைக்கும்.

உறையின் முதுகு கறுப்பு, ஒளி புகாது.
ஆகவே கடவுளை வரவழைக்க
நகத்தால் நெம்பி உருவவேண்டும்,
ஒவ்வொரு முறையும்.
நாலு வருஷத்தில்
முப்பத்தோரு தடவை தெய்வமாகியிருக்கிறான்.
மூலை நாலும் வெளுத்துவிட்டது,
ஓரம் நூல் நூலாய்ப் பிரிகிறது.
ஹாஜாவிடமும் ஒன்று உண்டு, கண்ணாடிப் பெட்டியில்.
அது ஒருநாளும் மேஜைக்கு வந்ததில்லை.
அதற்குத்தான் விலை.

அந்த ஞாயிறு புதுச்சேரியில்,
செல்போன் கடை மாடியில்,
கடைசிச் சுற்று அவனோடு.
ஆறு படகு போய்விட்டது எனக்கு.
ஏழாவதை அவன் தொடவே இல்லை.
அதைக் கரையோரம் விட்டுவைத்து
சுற்றிவந்து என்னைக் கொன்றான், பொறுமையாக,
வறுகடலைத் தோலை ஊதிக்கொண்டே.
எல்லாமும் போகாதவளுக்கு
எந்தச் சாமியும் வராது.
விதிப்புத்தகம், பன்னிரண்டாம் பக்கம்.

ஏழே காலுக்குக் கடலூர் பஸ்.
தவளக்குப்பத்தில் கூட்டம் ஏறியது,
கிருமாம்பாக்கத்தில் இன்னும்.
காலை ஆறு மணிக்கு சிப்காட்டில்
கண்ணாடிக் குடுவைகள் எனக்குக் காத்திருக்கின்றன
என்று நினைத்தபடி வந்தேன்.
முன்சீட்டுக்காரர் மடியில் கத்தரிக்காய்ப் பை.
பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம்
கத்தரிக்காய் கிணிங் என்றது.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை.
பின்படியில் டார்ச்சோடு ஏறினார் காவலர்.
மார்பில் செண்பகவல்லி என்று பெயர்.
பை பையாகப் பிரித்து வந்தவர்
என் டிபன் டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.
அது சோற்றின் சத்தம் இல்லை.

"சீட்டாடுற பொண்ணா நீ? காசு வெச்சா?"

இல்லைங்க, இது வேற, என்று தொடங்கி
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
மேலாக இருந்தவனை உருவித் திருப்பினேன்.
டார்ச் வெளிச்சத்தில் இமைத்தான் கடல்விழுங்கி.
முப்பத்திரண்டு.

"எப்ப மாறுவாரு?"
எல்லாம் போனதும்.
"திரும்ப ஆளா ஆவாரா?"
அதற்கு விதி எழுதப்படவில்லை.
கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்:
ஆட்டம் முடிஞ்சு டப்பாவுக்குள்ள போறப்ப
ஆயிடுவாரு.

"டூட்டி முடிஞ்சாப்பல" என்றார்
தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தபடி.
தொப்பி இல்லாமல் வேறு முகம்.
இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.
காட்டினேன். முப்பத்து மூன்று.

பின்னால் லாரி ஹாரன் அலறியது.
டிரைவர் கண்ணாடி வழியே முறைத்தார்.
"சரி சரி, போலாம் ரைட்" என்று
வந்த படியிலேயே இறங்கிவிட்டார் அவர்.
முன்சீட்டுக்கு டார்ச் போகவே இல்லை.

மஞ்சக்குப்பம் வரைக்கும்
அந்த ஆள் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.
இறங்குமுன் பையை மார்போடு அணைத்துக் குனிந்தார்.
"ஒங்க சாமி காப்பாத்திடுச்சும்மா."
ஒரு கத்தரிக்காயை என் டப்பாமேல் வைத்துவிட்டு
இருட்டில் போய்விட்டார்,
மெதுவாக, குலுங்காமல்.

என்னைக் காப்பாற்றாத சாமி.

வீட்டில் டப்பாவைத் திறந்தால்
எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது
அந்த ஏழாவது படகு, நனையாமல்.
துடுப்புக்காரனை உறைக்குள் தள்ளினேன்.
அவனுக்கு வந்த முதல் படையலை
அரிவாள்மனையில் வைத்து அறுத்துப் பார்த்தேன்.
புழு இல்லை.