பன்னிரண்டு வோல்ட்

சிகரெட் பற்றவைக்கும் துளையில்
அக்காவின் மூச்சைச் செருகியிருக்கிறேன்.

கல்நார் ஓட்டு ஆலையில்
இருபத்தாறு வருடம் தூசுக்கு நடுவே நின்றவள் ஷர்பானு.
இதே நிவா காரில், இதே துளையில்தான்
ஷிஃப்ட் முடிந்து முதல் சிகரெட்டைப் பற்றவைப்பேன்
என்று சொல்லிச் சிரிக்கிறாள்.
சிரிப்புக்குப் பின்னால் இருமல்.
இருமலுக்குப் பின்னால்
மடியிலிருக்கும் பெட்டியின் புஸ், புஸ்.

கரகண்டாவை விட்டு நான்கு மணி நேரம்.
புல்வெளியில் மரம் என்று எதுவுமில்லை,
நிழல் வேண்டுமென்றால் மின்கம்பம்தான்.
என் கண் பாதி சாலையில்
பாதி பெட்டியின் பச்சை விளக்கில்.
டாஷ்போர்டுக்குள்
பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் ஏழு,
மாற்றுக் குழாய், இடுக்கி, டேப் சுற்றிய வயர்.
பிரார்த்தனை மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

பெட்ரோல் பங்கில் எஞ்சினை அணைத்தாக வேண்டும்.
பெட்டிக்குள் அதன் சொந்த பேட்டரி ஒன்று உண்டு, கிழடு,
இருபது நிமிடம் தாங்கும்.
மீதிச் சில்லறைக்கு நிற்காமல் ஓடி வந்தேன்.

அல்மாட்டியில் நாளைக் காலை பத்து மணிக்கு
பெரிய டாக்டரிடம் சீட்டு.
வழியில் பல்காஷ்.
ஒரே ஏரிதான்; மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே உப்பு.
எந்த இடத்தில் மாறுகிறது என்று
மீனைத்தான் கேட்க வேண்டும்.

"எஞ்சினை நிறுத்து, தோலேகென்."
"முடியாது."
"காலையிலிருந்து உன் கார் இரைச்சலைத்தான்
மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறேன்.
கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம் கேட்கவிடு."

நிறுத்தினேன்.
துளையில் கரண்ட் ஓடட்டும் என்று
சாவியைப் பாதித் திருப்பில் விட்டேன்.
அலை வந்தது, புஸ்.
அலை போனது, புஸ்.
அரை மணியோ ஒன்றரை மணியோ தெரியாது,
நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது விளக்கு மஞ்சள்.
சாவியைத் திருப்பினால் டிக்.
திருப்பினால் டிக்.
அதற்கு மேல் காருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சாலைக்கு ஓடினேன்.
இரண்டு லாரிகள் புழுதியைத் தந்துவிட்டுப் போயின.
மூன்றாவது நின்றது. தர்பூசணி லோடு.
ஹம்ரோகுல், சமர்கந்துக்காரன்,
வயரைப் பார்த்துத் தலையாட்டினான்:
"என்னுடையது இருபத்துநான்கு வோல்ட், தம்பி.
உன் கார் கருகிவிடும்."

அக்கா உதட்டைக் குவித்து
மெழுகுவர்த்தி அணையாதபடி ஊதுவதுபோல்
ஊதிக்கொண்டிருந்தாள், விரல் விட்டு எண்ணியபடி.
விளக்கு சிவப்புக்கு மாறியது.

அவன் அவளைப் பார்த்தான்.
பிறகு எதுவும் பேசாமல்
லாரியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தான்.
உள்ளே இரண்டு பேட்டரிகள்,
ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி.
"பன்னிரண்டும் பன்னிரண்டும்தான் இருபத்துநான்கு.
ஒருத்தனிடம் மட்டும் கடன் கேட்போம்."
கவ்வியை ஒன்றில் மட்டும் மாட்டினான்.

கார் இருமியது,
அவளைப் போலவே, அடிவயிற்றிலிருந்து.
இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது.
பச்சை.

காசு வாங்க மறுத்தான்.
போதாக்குறைக்கு ஒரு தர்பூசணியையும்
அவள் மடியில், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து
ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

இருட்டிய பிறகு,
நாற்பது கிலோமீட்டர் போல் வந்த பிறகு சொன்னாள்:
"மஞ்சளானதை நான் பார்த்தேன்.
நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய்.
எழுப்ப மனம் வரவில்லை."

எதற்கு மனம் வரவில்லை என்று
நான் கேட்கவில்லை.
வலது கை தானாகப் போய்
துளையில் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தது.
அடுத்த பங்க் நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
தர்பூசணி ஒவ்வொரு வளைவிலும்
அவள் பக்கம் சாய்ந்தது, என் பக்கம் சாய்ந்தது.